சூடேறாத பிரேக்

எங்கள் வீட்டுக் காரின் ஸ்பிரிங்கையும் பிரேக் பேடுகளையும் ரேஸ் ட்ராக்கில் ஓட்டுவதற்காக மாற்றினேன். மாட்டிய மெக்கானிக் அன்றே எச்சரித்தார்: "அண்ணாச்சி, இந்த பேடு சூடேறினாத்தான் பிடிக்கும். மதினியக் கூட்டிட்டுப் போறப்ப பழச மாட்டிக்கோங்க." எதையும் ஒழுங்காகச் செய்கிறவன் நான். ஆனாலும் ட்ராக்கிலிருந்து திரும்பியதும், மறுபடி போகத்தானே போகிறோம் என்று அப்படியே விட்டுவிட்டேன்.

ஒரு மார்கழி விடியலில் மனைவியோடு இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலுக்குக் கிளம்பினேன். ஊர் எல்லையில் பேண்டேஜ் நெய்யும் கூடங்களில் காயப்போட்ட நீள வெள்ளைத் துணிகள் கயிற்றில் தொங்கின. பனிமூட்டத்தில் ஆட்கள் வரிசையாக நிற்பதுபோல் தெரிந்தது.

"எல்லாம் நம்மளயே பாக்குற மாதிரி இருக்குங்க" என்றாள் மனைவி.

நான் சிரித்தேன். அந்த வெள்ளை உருவங்களில் ஒன்று ரோட்டுக்கு நடந்து வந்தது.

பிரேக்கை மிதித்தேன். பெடல் கல்லாக இருந்தது. ஆனால் கிறீச்சென்ற சத்தமோ குலுக்கலோ இல்லை. யாரும் மிதிக்காததுபோலவே கார் போய்க்கொண்டிருந்தது. இரண்டு காலாலும் அழுத்தினேன். அந்த உருவத்துக்கு ஒரு கை தூரத்தில் கார் நின்றது.

பனிக்காகத் தலையோடு வெள்ளைத் துணி போர்த்திய ஒரு தொழிலாளி அவர். பானெட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"காருதானா? ரெண்டு வெளிச்சம் நிக்காம மேல வரவும் பேயின்னுல்ல நெனச்சேன்!"

அவர் போனபின் மனைவி கேட்டாள்: "ட்ராக்குல அம்புட்டு வேகத்துல நின்ன வண்டி, இங்க ஏன் நிக்கல?"

மெக்கானிக் சொன்னதை அப்போதுதான் அவளிடம் சொன்னேன்.

இப்போது அந்த பேடுகளை ட்ராக்கில் போய்த்தான் மாட்டுகிறேன். பனியில் அந்தத் துணிகளைக் கடக்கும்போது எனக்கு அவற்றைப் பார்த்துப் பயமில்லை. அன்று அந்தத் தொழிலாளி கண்ணுக்குப் பேயாகத் தெரிந்த என்னை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.