கழுத்து திரும்பிய பக்கம்

எழுபதுகளில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே இருந்த எங்கள் குப்பத்தில் வாய் ஓயாதவன் என் அண்ணன். கட்டுமரம் கரையேறும் முன்பே யாரையாவது வம்புக்கு இழுத்துவிடுவான். வீட்டில் அம்மா, அவன், நான் மூன்றே பேர். ஆனாலும் அவன் இருந்தால் பத்துப் பேர் இருக்கிற மாதிரி இரைச்சலாக இருக்கும். எனக்கு அந்த இரைச்சல் பிடிக்கும்.

அந்த வாய்தான் முதலில் அடங்கியது. பிறகு கடலைப் பார்த்துத் தனியே பேசத் தொடங்கினான். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடலைத் திட்டாத ஆள் எங்கள் ஊரில் யார்? ஆனால் மற்றவர்கள் திட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இவன் பேசிவிட்டு நின்று கேட்டான், கேட்டுவிட்டுப் பதில் சொன்னான். டீக்கடை ரேடியோவில் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்றான். அம்மா வைத்த குழம்பில் விஷம் இருக்கிறது என்று தட்டைத் தள்ளினான். மறுநாளே அவனைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன்.

"ஆள் இல்லாதப்போ யாராவது பேசற மாதிரி கேக்குதாப்பா?" என்றார் டாக்டர்.

"ஒங்களுக்கும் கேக்குதா சார்?" என்றான் அண்ணன். அவன் முகத்தில் அப்படியொரு நிம்மதி. நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இன்று மனச்சிதைவு என்கிறார்களே, அதுதான். ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

இரண்டு நாளில் அவன் கழுத்து ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டது. கண் மேலே செருகியது. நாக்கு தடித்துப் பேச்சு வரவில்லை. வாசலில் கூட்டம் கூடிவிட்டது. ஆத்தா வந்துவிட்டாள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மீன் பாடு இல்லாமல் குப்பமே காய்ந்து கிடந்த நேரம். சாமி வந்த ஆளிடம் எங்கள் ஊரில் முதலில் கேட்பது கடலைப் பற்றித்தான்.

"எந்தப் பக்கம் வல வுடணும், சொல்லு தாயே," என்றார் ஒரு பெரியவர்.

அவன் எங்கே சொல்வது? முகம் வடக்கே திரும்பி நின்றது, அவ்வளவுதான். கட்டுமரங்கள் வடக்கே போயின. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக, வலை கொள்ளாத நெத்திலியோடு திரும்பின. அதற்குப் பிறகு சாமியை யார் விடுவார்கள்? அம்மா அவன் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"இது மருந்தோட வேலம்மா. வா, ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போலாம்."

"சாமியப் போயி மருந்துன்றியே, நாக்கு அழுகிப்பூடும்டி."

"சாமின்னா இன்னாத்துக்கு அழுவுது? அது கண்ணப் பாரு."

அம்மா பார்த்தாள். செருகிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. சொம்பைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் துடைத்தாள். பஸ்ஸுக்கு அவள்தான் முன்னால் நடந்தாள்.

ஆஸ்பத்திரியில் இன்னொரு ஊசி போட்டார்கள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கழுத்து நேரானது. சிலருக்கு மருந்து இப்படித்தான் இழுக்கும் என்றார் டாக்டர். அளவைக் குறைத்து, விறைப்புக்கு வேறு மாத்திரை சேர்த்தார். "எது வந்தாலும் இங்க கூட்டிட்டு வாங்க. நீங்களா நிறுத்தினா அந்தப் பேச்செல்லாம் திரும்ப வந்துடும்."

குரல்கள் போயின. அண்ணன் சாப்பிட்டான், தூங்கினான். ஆனால் கை நடுங்கியது, தூண்டில் முடிச்சு நிற்கவில்லை. வாயோரம் எச்சில் ஒழுகியது. வெயில் பட்டால் தோல் வெந்தது. கடலிலேயே கிடந்தவன் நாள் முழுக்கப் படகுக் கொட்டகை நிழலில் உட்கார்ந்திருந்தான். எது கேட்டாலும் "ம்" என்பான். செங்கல்பட்டுக்குப் போகும்போதெல்லாம் சொன்னோம். டாக்டரும் மாத்திரையை மாற்றிப் பார்த்தார். பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவனுக்காக ஒருத்தி இவ்வளவு ஏங்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அவன் என்னை ஒரு தடவை கிண்டல் செய்தால் போதும் என்று இருந்தது.

ஐப்பசியில் புயல் மழை பிடித்துக்கொண்டது. பஸ் ஓடவில்லை, மாத்திரை தீர்ந்துபோனது. நாங்கள் பயந்துகொண்டே இருந்தோம். அவனுக்கு நடுக்கம் குறைந்தது, முகத்தில் இறுக்கம் தளர்ந்தது. ஒரு மத்தியானம் சோற்றைப் பிசைந்தவன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"இன்னா, கடலயே மொண்டு கொழம்பு வெச்சிட்டியா?"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் சிரித்தேனா அழுதேனா தெரியாது. அன்று பொழுது சாயும்வரை அவன் பேசிக்கொண்டே இருந்தான், நான் அவன் பக்கத்தை விட்டு நகரவில்லை.

மறுநாள் மழை விட்டது. முதல் பஸ்ஸில் போய் மாத்திரை வாங்கி வந்தேன். அண்ணன் என் கையையே பார்த்தான்.

"நாளைக்கித் துன்றேனே. இன்னிக்கி ஒரு நாளு இப்பிடியே இருந்துக்கறேன்."

அவனைவிட எனக்குத்தான் அந்த ஒரு நாள் வேண்டியிருந்தது.

"வாயத் தொற, அண்ணாத்த," என்றேன்.

திறந்தான்.