ஏழாவது நட்சத்திரம்

ரங்கூன் பபேடான் பேட்டையில் மூன்று மாடிக் கட்டடம் எழுப்பினேன். மிங்கலா தாங்ஞுன்டில் துணிக்கடை வைத்தேன். அது ஒருமுறை கையைவிட்டுப் போனபோது, சைக்கிளில் கைலி விற்று மறுபடியும் வைத்தேன். கோயில் மண்டபத்துக்குத் தரை போட்டதும் நான்தான். படிப்பு இரண்டாம் வகுப்பு. இவ்வளவும் செய்தவனுக்கு அந்த மண்டபத்தில் ஒரு படம் கிடையாது. என் மாமா மகனுக்கு இருக்கிறது. எங்கள் தெருவில் முதல் சுதந்திரக் கொடியை ஏற்றிய சிறுவனாம். ஒவ்வொரு சுதந்திர நாளிலும் மாலை வேறு. நான் போட்ட தரையில் நின்றுகொண்டுதான் போடுகிறார்கள்.

வெள்ளைக்காரன் போகிறான், இனி இந்த நாட்டுக்காரர்களே மந்திரிகள் என்று தெருவெல்லாம் பேச்சாக இருந்த காலம். தையற்கடை வைத்திருந்த என் தாய்மாமாவுக்குப் புதுக் கொடி தைக்க ஓயாத வேலை. சிவப்புத் துணி, மூலையில் நீலம், நீலத்தில் பெரிய வெள்ளை நட்சத்திரம் ஒன்று, சுற்றிச் சின்னது ஐந்து. பாப்ளினை மடித்து ஒரே வெட்டில் நட்சத்திரம் எடுக்கும் வித்தை எனக்குச் சட்டென்று வந்துவிட்டது. மாமா மகன் வெட்டினால் நண்டு மாதிரி வரும்.

“எவன் நல்லா வெட்டுறானோ, அவன்தான் நம்ம கடைக் கொடிக்குக் கயிறு இழுக்கணும்” என்றார் மாமா. இழுக்கப்போவது நான்தான் என்று அன்றே முடிவாகிவிட்டது, என் வரையில்.

பக்கத்து டீக்கடைப் பர்மாக்காரருக்கு எங்கள் தெருத் தமிழ் நன்றாக வரும். பர்மியத்தில் சித்தப்பா என்கிற மாதிரி ‘ஊலே’ என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். அவரிடம் கேட்டேன்.

“எதுக்கு ஊலே இத்தனை சின்ன நட்சத்திரம்?”

“ஒவ்வொண்ணும் ஒவ்வொரு ஜனத்துக்கு, தம்பி. பர்மாக்காரங்க, ஷான், கரேன்...” விரலை மடக்கிக்கொண்டே போனார்.

“எங்களுக்கு எது?”

அவர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். “சக்கரை போதுமா?” என்றார்.

மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது, நாமே சேர்த்துவிட்டால் போயிற்று என்று நினைத்தேன். இன்னொரு நட்சத்திரம் வெட்டி, கடைக் கொடியில் நானே தைத்துவிட்டேன்.

கொடி ஏற்றும் காலையில் மாமா அதை விரித்துப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் வாசலைத்தான் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டு, பிளேடால் தையலைப் பிரித்தார்.

“மாமா, அது நம்மளோடது.”

“வாயை மூடுறா. யாராச்சும் பாத்தா என்னடா நெனப்பாங்க?”

நட்சத்திரத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கயிறு அவர் மகன் கைக்குப் போயிற்று.

“மச்சான், நீ கீழ நின்னு கைதட்டுடா” என்றான் அவன், புதுக் கைலி சரசரக்க. யாரோ படம் எடுத்தார்கள். நான் கைதட்டவில்லை.

அந்த நட்சத்திரத்தை மகனுக்குக் கொடுக்கத்தான் மாமா எடுத்து வைத்தார் என்று வெகுநாள் வயிறெரிந்தேன். பல வருஷம் கழித்து, அரசாங்கம் கடைகளையெல்லாம் எடுத்துக்கொண்டபோது, அவர் குடும்பத்தோடு மெட்ராஸ் கப்பல் ஏறினார். நான் வழியனுப்பப் போயிருந்தேன். துறைமுகத்தில் சோதனைக்காரர் தையல் பெட்டியைக் கொட்டச் சொன்னபோது, நூல்கண்டுகளோடு அதுவும் விழுந்தது.

“இது என்ன?”

“வெட்டுத் துணிங்க” என்றார் மாமா. குனிந்து எடுத்துக்கொண்டார்.

மீசை முளைத்த பிறகும் எனக்குப் புரியவில்லை. என் நட்சத்திரத்தைப் போய் வெட்டுத் துணி என்றாரே என்றுதான் கோபம் வந்தது.

நாட்டைவிட்டுப் போனவனுக்கு இங்கே மாலை. மண்டபத்து நிர்வாகிகளே, அவன் படம் இருக்கட்டும். கீழே என் பேரையும் எழுதுங்கள், நட்சத்திரங்களை வெட்டியவன் என்று. எத்தனை என்பதையும் எழுதுங்கள். ஆறு இல்லை, ஏழு.