இருநூறு கிராம் குறைந்த பிள்ளை

டேக்வாண்டோ சொல்லிக்கொடுக்கும் வேலையில் பிள்ளைகளின் உதையைத் தாங்கக் கவசம் இருக்கிறது. பெற்றோரின் கேள்வியைத் தாங்க இன்னும் யாரும் ஒன்று செய்து தரவில்லை. மார்த்தாண்டத்தில் ஒரு டயர் கடைக்கு மேலே, மாடியில் வகுப்பு நடத்துகிறேன். என்னைப் போல இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர்களும், பிள்ளையை மேலே அனுப்பிவிட்டுக் கீழே பைக்கில் உட்கார்ந்து கொசுக்கடி வாங்குகிறவர்களும் இதைப் படித்து ஆறுதல் அடையலாம்.

எப்போது வெளிநாடு?

சேர்க்க வருகிற முதல் நாளே எல்லாரும் கேட்பது இதுதான். சிதறாலிலிருந்து அபிஷாவைக் கூட்டிவந்த அவள் அப்பாவும் இதைத்தான் கேட்டார். துபாயில் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். நான் பொறுமையாகச் சொன்னேன். பொறுமை என்னிடம் எப்போதும் கொஞ்சம் தட்டுப்பாடு. வெள்ளை பெல்ட்டில் தொடங்கிக் கறுப்பு வரை வர வேண்டும். அந்தக் கறுப்புக்குக் கொரியாவிலிருந்து சான்றிதழ் வர வேண்டும். மாவட்டத்தில் ஜெயித்தால் மாநிலம், மாநிலத்தில் ஜெயித்தால் தேசியம். தேசியத்தில் மெடல் வாங்கியவர்களைக் கூப்பிட்டு மறுபடி மோதவிட்டு, ஒரு எடைப் பிரிவுக்கு ஒரே ஒரு ஆளை எடுப்பார்கள். அதற்குள் பாஸ்போர்ட்டும் விளையாட்டு லைசென்ஸும் கையில் இருக்க வேண்டும். காசு கட்டினால் யாரும் போய்வரக்கூடிய போட்டிகளும் வெளிநாட்டில் நடக்கின்றன. ஆனால் முதுகில் இந்தியா என்று எழுதிய சட்டை வேண்டுமென்றால் வழி இது ஒன்றுதான்.

மனுஷன் கடைசி வரை தலையாட்டிக் கேட்டார். பிறகு சொன்னார்: "நான் துபாய் போறதுக்கு இவ்வளவு பாடு இல்லியே டீச்சரே. ஒரு ஏஜென்ட்ட பிடிச்சேன், தீந்து."

மெஷினுக்கு வலிக்கவில்லை

எங்கள் மாடியில் இருந்தது பழைய துணிக் கவசம். உதை விழுந்த சத்தம் நன்றாகக் கேட்டால் பாயிண்ட். மாநிலப் போட்டியில் அந்தக் கதை நடக்காது. அங்கே கவசத்திலும் சென்சார், காலில் போடும் சாக்ஸிலும் சென்சார். இரண்டும் சரியான இடத்தில், போதிய பலத்தோடு சந்தித்தால்தான் திரையில் எண் ஏறும். அபிஷா முதல்முறை அதில் இறங்கியபோது எதிரில் நின்ற பிள்ளை மூச்சு முட்டி இரண்டு தரம் குனிந்தாள். திரையில் முட்டை. களத்தோரம் கோச் நாற்காலியில் உட்கார்ந்து கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிப்போனது. தோற்றுவிட்டு வந்தவளிடம், "காலை எங்க கொண்டு வச்சே?" என்று எரிந்து விழுந்தேன். அவள் கவசத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "அவளுக்கு நல்லா நொந்துது டீச்சர். மெஷினுக்குத்தான் நோவல்ல."

முந்திரிக்கொத்து டப்பா

சென்சார் கவசம் இரவல் வாங்கி, காலை வைக்கும் இடத்தை மாற்றி மாற்றிப் பழகியதில் மெஷினுக்கும் ஒருவழியாக நொந்தது. மாநிலத்தில் தங்கம், தேசியத்தில் வெள்ளி. இந்திய ஜூனியர் அணித் தேர்வுக்கு அழைப்பு வந்தது. அவளுக்குப் பதினேழு வயது. அடுத்த வருஷம் சீனியரில் சேர்ந்துவிடுவாள், அங்கே இருப்பவர்கள் எல்லாம் ராணுவத்திலும் ரயில்வேயிலும் வேலை பார்த்துக்கொண்டே ஆடுகிற முரட்டு ஆட்கள். ஜூனியர் சட்டைக்கு இதுதான் கடைசி வண்டி.

அவள் பிரிவு நாற்பத்தாறு கிலோவுக்கு உட்பட்டது. அவள் எடையோ எந்நேரமும் அந்த வரம்பில்தான் நிற்கும். ஒரு மாதமாக, "வாயைக் கட்டு, வாயைக் கட்டு" என்று அவள் உயிரை எடுத்திருந்தேன். தேர்வு நடக்கும் ஊருக்குக் குழித்துறையில் ரயில் ஏறும்போது, கூட வருகிறவர்களுக்கு என்று அவள் அம்மா ஒரு டப்பா நிறைய, சிறுபயறும் வெல்லமும் உருட்டிப் பொரித்த முந்திரிக்கொத்து கொடுத்துவிட்டாள். நான் அந்த டப்பாவின் எடையைக் கையில் தூக்கிப் பார்த்தேன். ஆனால் பிள்ளை அதைத் தொடவே இல்லை. ரயிலில் வந்த இட்லியையும் வேண்டாம் என்றாள். சன்னல் பக்கம் திரும்பிப் பைபிளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். ஒருவழியாகப் புத்தி வந்துவிட்டது என்று நான் நிம்மதியாகத் தூங்கினேன். டப்பா, எங்கள் ரயில் பெட்டியில் இருந்தவர்களுக்குப் போனது. இரணியலிலேயே ஏறி இடம் பிடித்திருந்த ஒரு அக்கா சொன்னாள்: "நல்ல அடக்கமுள்ள பிள்ளை. எனக்க மகளாயிருந்தா டப்பாவையும் சேத்துத் தின்னிருப்பா."

தராசு

ஆட்டத்துக்கு முந்தின நாள் காலையில் எடை பார்ப்பார்கள். அபிஷா தராசில் ஏறினாள். நாற்பத்துமூன்று கிலோ எண்ணூறு கிராம். நான் சிரித்தேன். எடை குறித்துக்கொண்டிருந்த அம்மாள் சிரிக்கவில்லை. நாற்பத்தாறுக்கு உட்பட்ட பிரிவு என்றால் நாற்பத்துநாலுக்கு மேலேயும் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் அது வேறு பிரிவு. ஒரு மாதமாக மேல் வரம்பையே பார்த்துக்கொண்டிருந்ததில் கீழே ஒரு வரம்பு இருப்பதை நான் மறந்தே போயிருந்தேன். இன்னும் ஒரு தடவை ஏறலாம், ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் ஏற வேண்டும்.

இதென்ன பெரிய விஷயம், அரை லிட்டர் தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும் என்று பாட்டிலை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. அப்போதுதான் சொன்னாள். இந்தத் தேர்வுக்காக அவள் அம்மா சர்ச்சில் உபவாச ஜெபத்தில் இருக்கிறாளாம். இவளும் அம்மாவோடு சேர்ந்து கடவுளிடம் பொருத்தனை நேர்ந்திருக்கிறாள்: ஆட்டம் முடிகிறவரை சாப்பாடு கிடையாது, பகலில் பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது, இருட்டிய பிறகு ஒரு தம்ளர் தண்ணீர் மட்டும். எங்கள் வீட்டிலும் சஷ்டி விரதம் உண்டு. ஆனால் அதில் பாலும் பழமும் உண்டு. பட்டினிப் பிள்ளையை நாளைக்கு எப்படிக் களத்தில் இறக்குவேன் என்ற பயம் வேறு. கெஞ்சினேன், திட்டினேன், கடவுள் கோபிக்க மாட்டார் என்று அவர் சார்பில் வாக்குக் கொடுத்தேன். அவள் சுவரோரம் உட்கார்ந்து, காய்ந்த உதட்டோடு மெல்லச் சொன்னாள்: "அம்மை அங்க பட்டினி கிடக்கும்பம் நான் இஞ்ச குடிச்சா, அது களவு இல்லியா டீச்சர்?"

சிதறாலுக்கு ஒரு போன்

அம்மாவின் போன் அணைந்திருந்தது. ஜெபத்தில் போனை அணைத்துத்தான் வைப்பார்கள். அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் மார்த்தாண்டத்தில் யாரோ வீட்டு ஏசியைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அப்படியே விட்டுவிட்டு பைக்கை எடுத்தார். கொஞ்ச நேரத்தில், மேம்பாலத்துக்குக் கீழே லாரி மறித்துக் கிடக்கிறது என்று போன். அடுத்த போன் வரவில்லை. எடை அறைக்கு வெளியே இருந்த வரிசை தீர்ந்துவிட்டது. உள்ளே மேஜையைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு அவள் மேல் கோபம், அவள் அம்மா மேல் கோபம், நிம்மதியாகத் தூங்கின என் மேல் எல்லாவற்றையும்விடக் கோபம்.

போன் வந்தபோது முதலில் ஜெபச் சத்தம்தான் கேட்டது. பிறகு அவள் அப்பா மூச்சு வாங்க யாரிடமோ பேசுவது கேட்டது. ஸ்பீக்கரைப் போட்டு அபிஷாவின் முகத்துக்கு நேரே பிடித்தேன். பட்டினியில் தேய்ந்த குரலில் அவள் அம்மா சொன்னாள்: "குடி மக்கா. வயிறு நிறையத் தின்னு. உனக்குள்ளதையும் சேத்து நான் இருந்துக்கிடுதேன்."

கையிலிருந்த அட்டை

அழுதுகொண்டே குடித்தாள். நாற்பத்துநாலு கிலோ முன்னூறு. மேஜைக்காரர்கள் கையெழுத்துப் போட்டார்கள். அன்றைக்கு முழுக்க அவளுக்குக் கஞ்சியும் சோறும் ஊட்டாத குறைதான்.

மறுநாள் இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டாள். எதிரில் ஒரு வடக்கத்திப் பிள்ளை, இவளைவிட ஒரு சாண் உயரம். ஆளுக்கு ஒரு சுற்று ஜெயித்தார்கள். மூன்றாவது சுற்றில் இரண்டு பாயிண்ட் பின்தங்கி, நேரம் தீரப் போகிறபோது அபிஷாவின் கால் எழும்பி அந்தப் பிள்ளையின் காதுக்கு மேலே பட்டது. நான் பார்த்தேன். திரை பார்க்கவில்லை. வீடியோ பார்க்கச் சொல்லிக் கேட்பதற்குக் கோச்சுக்கு ஒரு அட்டை உண்டு. அதைத் தூக்கினேன். நடுவர்கள் படத்தை ஓட்டினார்கள், திருப்பினார்கள், மறுபடி ஓட்டினார்கள். தலையில் பட்டால் மூன்று பாயிண்ட். கொடுத்தார்கள்.

ஒரு பாயிண்டில் ஜெயித்தாள். சட்டை அவளுக்குத்தான். நான் வெட்கமில்லாமல் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பிறகு சிதறாலுக்குப் போன் போட்டேன். சேதியைக் கேட்டு அவள் அம்மா விம்மினாள். பிறகு கேட்டாள்: "அப்ப, இனி நான் ஒரு வாய் கஞ்சி குடிக்கலாமா டீச்சரே?"

வெளிநாட்டுப் போட்டிக்குத் தகுதி பெறுவது எப்படி என்று வந்து கேட்கிறவர்களிடம் பெல்ட், மெடல், பாஸ்போர்ட் எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு, வீட்டில் யாராவது பட்டினி கிடக்கிற உத்தேசம் உண்டா என்றும் இப்போதெல்லாம் கேட்டு வைத்துக்கொள்கிறேன்.