‘அந்த லிவர்’ என்று நான் சொன்ன நிமிடம்

எண்பதுகளின் தொடக்கம். அப்போது நாங்கள் புனேயில், வானவடியில் குடியிருந்தோம். அப்பாவுக்கு ராணுவ அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா வேலை. நான் ஹடப்சரில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டெனோவாகச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. வயது இருபத்து மூன்று. வேலை முடிந்து நேரே வீட்டுக்கு வந்தால் அம்மா கல்யாணப் பேச்சை எடுப்பாள் என்பதற்காகவே மாலையில் ஏதாவது ஒரு வகுப்பில் சேர்ந்துவிட வேண்டும் என்று கிளம்பினேன். ஜெர்மன் வகுப்பில் இடம் இல்லை. பிரெஞ்சுக்கு என்னைவிடச் சின்னப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். ஸ்பானிஷ் வகுப்பில் ஒன்பது பேர்தான். பத்தாவதாக நான் சேர்ந்தேன். இவ்வளவுதான் நான் ஸ்பானிஷ் படித்த கதை.

எங்கள் ஆசிரியை ஒரு மராத்திக்கார அம்மா. ஒரு நாள் தன் கையில் டஸ்டரை எடுத்துக்கொண்டார். என் முன்னால் இருந்த நோட்டைக் காட்டினார். வாசலில் யாரோ சாத்தி வைத்திருந்த குடையையும் காட்டினார். பேசுகிறவருக்குப் பக்கத்தில் இருந்தால் ‘எஸ்தே’, கேட்கிறவருக்குப் பக்கத்தில் இருந்தால் ‘எஸே’, இரண்டு பேருக்கும் எட்டாமல் தள்ளி இருந்தால் ‘அக்கேல்’. பெண்பால் சொல்லுக்கு முன்னால் வந்தால் இவையே எஸ்தா, எஸா, அக்கேயா என்று மாறும். நான் நோட்டில் ‘இந்த, அந்த, அந்த’ என்று தமிழில் எழுதிக்கொண்டு பக்கத்தைத் திருப்பிவிட்டேன். இரண்டுக்கும் ‘அந்த’ என்றுதானே வருகிறது, இதற்கு எதற்கு இவ்வளவு விளக்கம் என்று மனசுக்குள் ஒரு அலட்சியம். தேர்விலும் நல்ல மார்க் வந்துவிட்டது.

அடுத்த வருடம் எங்கள் தொழிற்சாலைக்கு ஸ்பெயினிலிருந்து ஒரு பெரிய பிரஸ் வந்தது. இரும்புத் தகடுகளை அழுத்தி வளைக்கும் இயந்திரம் அது. ஓர் அறை உயரம் இருக்கும். அதைப் பொருத்திக் கொடுக்க அங்கிருந்து ஒரு டெக்னீஷியனும் வந்தார். ஐம்பதைத் தாண்டிய மனிதர். அவருக்கு ஆங்கிலத்தில் தெரிந்தது ‘குட் மார்னிங்’, ‘நோ ப்ராப்ளம்’ இரண்டும்தான். மேனேஜருக்கு என் சர்டிபிகேட் ஞாபகம் வந்தது. மறுநாளே டைப்ரைட்டரை மூடி வைத்துவிட்டு நான் ஒர்க்‌ஷாப்புக்குள் போய் நின்றேன்.

பிரஸ்ஸை ஓட்டப் போகிறவர் நாற்பத்தைந்து வயதுள்ள ஒரு மராத்தி ஆபரேட்டர். நான் அவரைக் ‘காகா’, அதாவது சித்தப்பா, என்று கூப்பிடுவேன். அவர் என்னை ‘தாயி’ என்பார், மராத்தியில் அக்கா என்று அர்த்தம். என்னைவிட இரண்டு மடங்கு வயது என்றாலும் மரியாதைக்கு அப்படித்தான் சொல்வார். முதல் நான்கு நாள் நன்றாகவே போனது. ஸ்பானியர் சொல்வதை நான் மராத்தியில் சொல்வேன், காகா செய்வார். தெரியாத சொல் வந்தால் அகராதியைப் புரட்டுவேன். மதியச் சாப்பாட்டின்போது என்ஜினீயர்கள்கூட என்னைத் தங்கள் மேசைக்குக் கூப்பிட்டார்கள். எனக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிருந்தது.

ஐந்தாம் நாள் காலை. ஏதோ அளவு சரிபார்ப்பதற்காக முன்பக்கத்துக் கம்பி வலைத் தடுப்பை ஸ்பானியர் கழற்றி வைத்திருந்தார். அவர் பத்தடி தள்ளி, ஸ்விட்ச் பெட்டிக்கு முன்னால் நின்றார். நான் அவருக்குப் பக்கத்தில். காகா பிரஸ்ஸுக்கு முன்னால். மேலே இருக்கும் பெரிய இரும்புப் பாளம் மெதுவாக, அங்குலம் அங்குலமாக இறங்கிக்கொண்டிருந்தது. ஸ்பானியர் மீட்டரின் முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: “பாஹே எஸா பலாங்கா!”

பலாங்கா என்றால் லிவர். லிவரை இறக்கு என்கிறார், அது புரிந்தது. நான் சத்தத்துக்கு மேல் சத்தமாக மராத்தியில் கத்தினேன். “காகா, தோ லிவர் கீழே இறக்குங்க!”

‘தோ’ என்றால் ‘அந்த’. மராத்தியிலும் நம்மைப் போல இரண்டுதான், இந்த, அந்த.

காகாவின் இடது கைக்குப் பக்கத்திலேயே ஒரு லிவர் இருந்தது. இயந்திரத்தின் மறுபக்கத்தில் இன்னொன்று இருந்தது. தன் பக்கத்தில் இருப்பதை ‘அந்த’ என்று யாராவது சொல்வார்களா? அவர் எட்டத்தில் இருந்ததைப் பார்த்தார். சுற்றிக்கொண்டு போக நேரமில்லை என்று நினைத்தாரோ என்னவோ, முன்பக்கம் திறந்துதானே கிடக்கிறது என்று குனிந்து, வலது கையைப் பாளத்துக்கு அடியில் நுழைத்து மறுபக்கத்து லிவரைத் தொடப் போனார்.

அதை நான் பார்த்தேன். ஸ்பானியர் பார்க்கவில்லை. அவர் கண் முள்ளின் மேல் இருந்தது.

எனக்கு அந்த நேரத்தில் ஸ்பானிஷ் வரவில்லை. மராத்தி வரவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து பேசிய இந்திகூட வரவில்லை. “ஐயோ, நிறுத்துங்க! நிறுத்துங்க!” என்று தமிழில் அலறினேன். அந்த ஒர்க்‌ஷாப்பில் தமிழ் தெரிந்தவர் என்னைத் தவிர ஒருவரும் கிடையாது. ஆனால் ஸ்பானியர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்தார்.

பாளம் நின்றது. காகாவின் முழங்கைக்கும் அதற்கும் நடுவில் நான்கு விரல் போகும் இடைவெளி இருந்தது. அவர் கையை வெளியே இழுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் நான் தரையில் எண்ணெய் என்றுகூடப் பார்க்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஸ்பானியர் வெளிறிப்போய் நின்றார். “அக்கேயா நோ... எஸா, எஸா” என்று காகாவின் பக்கத்திலிருந்த லிவரைக் காட்டி முணுமுணுத்தார். தூரத்தில் இருப்பது இல்லை, உன் பக்கத்தில் இருக்கிறதே அது. எனக்குச் சுரீரென்றது. நோட்டில் ‘அந்த, அந்த’ என்று எழுதிய கை இதுதானே.

அதற்குள் மேனேஜர் ஓடி வந்தார். நடந்ததைக் கேட்டதும் காகாவைப் பிடித்துக்கொண்டார். “தடுப்பு இல்லாத மெஷினுக்குள்ள கையை விடுறியா? பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவன் செய்யற காரியமா இது? நாளையிலிருந்து வராதே. விசாரணை முடியட்டும்.”

காகா தலையைக் குனிந்துகொண்டார். “என் தப்புதான் சாஹேப். சரியா காதுல விழலை” என்றார்.

காதில் நன்றாகத்தான் விழுந்திருந்தது. நான் சொன்னதைத்தான் அவர் செய்தார். அது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிடம் நான் பேசாமல்தான் இருந்தேன். அப்பா அடுத்த வருடம் ரிட்டயர் ஆகிறார், தம்பி படிக்கிறான், எனக்கு வேலை போனால் என்ன ஆகும் என்று மனசு கணக்குப் போட்டது. காகா கீழே கிடந்த தன் தொப்பியை எடுத்துத் தூசியைத் தட்டினார். பாளத்துக்கு அடியில் போன அதே கை அது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

“சார், தப்பு அவரோடது இல்லை. நான்தான் தப்பா சொன்னேன்” என்றேன்.

மேனேஜருக்கு முதலில் புரியவில்லை. அழுகையும் ஆங்கிலமுமாக, அவர்கள் மொழியில் மூன்று இருக்கிறது, நான் இரண்டாகச் சொல்லிவிட்டேன் என்று ஏதோ உளறினேன். நான் என்ன சொல்கிறேன் என்பது ஸ்பானியருக்கு எப்படியோ பிடிபட்டுவிட்டது. முன்னால் வந்து, கழற்றி வைத்த தடுப்பைக் காட்டித் தன் நெஞ்சில் தட்டிக்கொண்டார். தடுப்பைக் கழற்றியது நான், காகா பக்கத்தில் போய்த் தொட்டுக் காட்டாமல் தூரத்திலிருந்து கத்தியதும் நான் என்று மெதுவாக ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். “இதையும் மேனேஜரிடம் சொல்” என்றார். நான் சொன்னேன். அவ்வளவு கவனமாக என் வாழ்க்கையில் எதையும் மொழிபெயர்த்ததில்லை.

மேனேஜர் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “முதல்ல தடுப்பை மாட்டுங்க. அப்புறம் லிவருக்கெல்லாம் பெயின்ட்ல நம்பர் போடுங்க. இந்தப் பக்கம் இனிமே யாரும் இது அதுன்னு பேசக் கூடாது” என்றார். வராதே என்று சொன்னதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. காகா ஒரு பெருமூச்சு விட்டார் பாருங்கள், அது எனக்கும் சேர்த்து விட்டது போல இருந்தது.

அன்று சைக்கிளை மிதிக்க முடியாமல் வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தேன். அம்மா கதவைத் திறந்ததும், “ஏட்டி, என்ன ஆச்சு? சேலையெல்லாம் எண்ணெயா இருக்கு” என்றாள். “ஒண்ணும் ஆகலைம்மா” என்று சொல்லிவிட்டு அவளைக் கட்டிக்கொண்டேன். ஒன்றும் ஆகவில்லை. அந்த வார்த்தைக்கு இத்தனை சுகம் உண்டா என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுநாள் காகா இரண்டு கிளாஸ் டீயோடு என் மேசைக்கு வந்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கேட்கவே இல்லை. “தாயி, அந்த மூணு வார்த்தை என்னன்னு எனக்கும் சொல்லிக் குடு. கை என்னோடது பாரு” என்று சிரித்தார். மேசையில் கிடந்த ஸ்டேப்ளர், அவர் கையில் இருந்த டீ கிளாஸ், ஜன்னலுக்கு வெளியே நின்ற லாரி என்று வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். எனக்கு ஒரு வருடம் ஏறாதது அவருக்குப் பத்து நிமிடத்தில் ஏறிவிட்டது. ஒரு வாரத்தில் அவரும் ஸ்பானியரும் எஸ்தா, எஸா என்று தாங்களே பேசிக்கொண்டு, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வேலை செய்தார்கள். நான் ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். வேலை இல்லாமல் உட்கார்ந்திருப்பதில் அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். திருநெல்வேலியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தபோது ‘அ, இ, உ சுட்டெழுத்துகள்’ என்று பாட்டு மாதிரி ஒப்பித்தவள்தான் நான். அந்த ‘உ’ எதற்கு என்று ஒரு நாளும் கேட்டதில்லை. பல வருடம் கழித்து, ரயிலில் எதிர் சீட்டில் உட்கார்ந்திருந்த ஒரு யாழ்ப்பாணத்து அம்மா என் மடியில் இருந்த பத்திரிகையைக் காட்டி, “உந்தப் புத்தகத்தை ஒருக்காத் தாங்கோ பிள்ளை” என்றார். உந்த! கேட்கிறவளுக்குப் பக்கத்தில் இருப்பது. நான் வாயைப் பிளந்துகொண்டு அவரையே பார்த்தேன். பாவம், பத்திரிகையைத் தர எனக்கு மனசில்லை என்று நினைத்துக்கொண்டார்.

பிறகு அந்தத் தொழிற்சாலையை விட்டு, மொழிபெயர்ப்பையே தொழிலாக்கிக்கொண்டேன். இன்றைக்கும் எங்கே கூப்பிட்டாலும், வாயைத் திறப்பதற்கு முன்னால், கேட்கப் போகிறவர் பக்கத்தில் போய் நின்று, அங்கிருந்து பார்த்தால் எது எப்படித் தெரிகிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன். வேலைக்காகப் பழகிய பழக்கம்தான், ஆனால் வீட்டில் பேசும்போதும் அது என்னை எத்தனையோ தவறுகளிலிருந்து காப்பாற்றியிருக்கிறது.