எட்டாவது கால்

ஹம்சா, செகந்திராபாத் மருத்துவமனை ஒன்றின் பிரசவ வார்டில் முப்பத்தொரு வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். பிறந்ததும் குடித்தனம் நடத்துவதும் மாரெட்பள்ளியில்தான். எத்தனை ரத்தம் பார்த்தாலும் அசராதவர், பல்லியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறிவிடுவார். அவர் வீட்டுக்குத்தான் உள்ளங்கை அகலச் சிலந்தி ஒன்று வந்து சேர்ந்தது.

அது மகள் ரக்ஷிதா வளர்த்தது. மண்ணில் வளை தோண்டி வாழும் அமெரிக்கப் பாலைவனத்து இனம். வேலைக்காக அவள் புனே போனபோது, அங்கே வாடகை வீட்டுக்காரர் அதைச் சேர்க்க மாட்டேன் என்றுவிட்டார்.

"நக்கோ தாயே, வேண்டவே வேண்டாம்! எனக்கு நெஞ்சே நின்னுடும்," என்றார் ஹம்சா.

"வாரம் ஒரு பூச்சி போட்டா போதும்மா. அது பாட்டுக்கு இருக்கும்."

கண்ணாடித் தொட்டியைக் கூடத்தில் இறக்கும்போது மூடி இடுக்கில் சிக்கி, சிலந்தியின் கால் ஒன்று முறிந்து விழுந்தது. மிச்ச ஏழு கால்களோடு அது வளை தோண்டி உள்ளே போனது. வாசலை மண்ணாலும் நூலாலும் அடைத்துக்கொண்டது. மாதங்கள் ஓடின. வெளியே வரவேயில்லை. ஹம்சாவுக்குப் பயம் போய்க் கவலை வந்தது. வளையின் ஒரு பக்கம் கண்ணாடியை ஒட்டியிருந்ததால் தினமும் டார்ச் அடித்துப் பார்ப்பார்.

ஐந்தாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால், சிலந்தி மல்லாந்து கிடந்தது.

கணவர் ஜெகநாதன் கரண்டியோடு வந்தார். "செத்துப்போச்சு ஹம்சா. தோண்டி எடுத்துடறேன்."

ஹம்சா குனிந்தார். அதன் உடம்பு மெல்ல இறுகியது, தளர்ந்தது, மறுபடி இறுகியது.

"தொடாதீங்க! வலி எடுத்த மாதிரி இருக்கு," என்று கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு மகளுக்குப் போன் செய்தார்.

"அம்மா, அது தோல் உரிக்குது! கை வெச்சா செத்துடும், விட்டுடுங்க," என்று அலறினாள் ரக்ஷிதா.

இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். அடுப்பில் வைத்த சாம்பார் தீய்ந்தது. முதுகு ஓடு மூடிபோல் கழன்றது. பிறகு, கையுறையிலிருந்து விரல்களை உருவுவதுபோல, பழைய தோலுக்குள்ளிருந்து கால்களை இழை இழையாக உருவத் தொடங்கியது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ஓய்ந்து கிடந்த அந்த ஈர உடம்பில் கொடுக்குப் பற்கள்கூடப் பால்வெள்ளையாக இருந்தன.

ஹம்சா கால்களை எண்ணினார். நம்பாமல் மறுபடி எண்ணினார்.

"ஏங்க... எட்டு இருக்கு."

முறிந்த இடத்தில் மெலிதாக, குட்டையாக, ரோமத்தோடு முழுசாக ஒரு கால். ஆயிரக்கணக்கான பிரசவம் பார்த்தவர், டார்ச்சை அந்தக் காலின் மேலேயே பிடித்துக்கொண்டிருந்தார். ஜெகநாதனும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தானும் ஒருமுறை எண்ணினார்.

தீபாவளிக்கு வந்த ரக்ஷிதா, தான் வேறு வீடு பார்த்துவிட்டதாகச் சொல்லித் தொட்டியைக் கேட்டாள்.

"இது பொட்டைச் சிலந்தி, இருபது வருஷத்துக்கு மேல உயிரோட இருக்கும்னியே," என்றார் ஹம்சா. "இருக்கட்டும். நான் பாத்துக்கறேன்."

ரக்ஷிதா புனேவுக்குத் திரும்பும்போது ஒரு டப்பாவில், பஞ்சு மெத்தையில், உரித்த தோலை மட்டும் பத்திரமாக வைத்துக் கொடுத்தனுப்பினார்.