பட்டரி இறங்கிய கார்களும் ஒரு கறுப்புப் பெட்டியும்

ஙர்… ஙர்… ங… பிறகு ஒரு சின்ன ‘டிக்’. யுத்த காலத்தில் கொழும்பின் வெள்ளவத்தை இந்தச் சத்தத்தோடுதான் விடியும். கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒன்றில் ஒரு கார் கிளம்பப் பார்த்து, மூச்சு முட்டி, அடங்கிவிடும். அடுத்த ஒழுங்கையில் இன்னொன்று தொடங்கும்.

பட்டரிக் கடைக்குள் ஒருவரும் சந்தோஷமாக வந்து ஏறுவதில்லை. காலி வீதியில், ஃபாரூக் நானாவின் கடையில், ஆறு வருடம் நின்றவள் சொல்கிறேன். வேறு வாகனத்தின் தயவில்லாமல் பட்டரி இறங்கிய காரைக் கிளப்பும் ஜம்ப் ஸ்டார்ட்டர் பெட்டிகள் அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தன. அவை ஏன் அப்படி விற்றன என்று, அந்த நாளில் கார் வைத்திருந்த உங்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இருட்டில் இராணுவச் சோதனைச் சாவடியை, அதாவது சென்ரியை, நெருங்கும்போது முன் லைட்டை அணைத்து, காருக்குள் இருக்கும் லைட்டைப் போட வேண்டும். ஆமிக்கு எங்கள் முகம் தெரிய வேண்டுமல்லவா? தப்பி வந்த நிம்மதியில் காரைப் பூட்டிவிட்டுப் போய்ப் படுப்போம். உள்ளே அந்த லைட் வெறும் சீட்டுகளைப் பார்த்துக்கொண்டு விடியும்வரை எரியும்.

அணைக்கச் சொல்லவில்லை

தெஹிவளையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். ஒரே மாதத்தில் மூன்றாவது தடவை பட்டரி இறங்கியிருந்தது. லைட்டை விட்டது யார் என்ற வழக்கு பஸ்ஸிலேயே தொடங்கி, எங்கள் மேசைக்கு மேன்முறையீட்டுக்கு வந்திருந்தது. ஓட்டுகிறவர்தான் அணைக்க வேண்டும் என்றார் மனைவி. வீட்டில் எல்லா லைட்டையும் அணைத்துக்கொண்டு திரிகிறவளுக்கு இது மட்டும் கண்ணில் படாதா என்றார் கணவன்.

நான் சமாதானமாக, சென்ரியைத் தாண்டியதும் அணைத்துவிடுங்கள் என்றேன். கணவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “பிள்ளை, அவன் ‘போ’ எண்டுதான் சொன்னவன். லைட்டை அணை எண்டு சொல்லேல்லையே.”

பத்தடி தள்ளி

பெட்டி வாங்க வருகிறவர் கேட்க வேண்டியவை சில உண்டு. பெட்ரோல் காருக்கா, டீசல் வானுக்கா? வயர் போதிய தடிப்பா? கிளிப்பை மாற்றிக் கொளுவினால் பெட்டி தாங்குமா? சும்மா கிடந்தாலும் மாதம் ஒரு தடவை சார்ஜ் போட வேண்டுமா? இதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆறு வருடத்தில் இவற்றைக் கேட்டவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

எல்லாரும் பார்த்தது அதன் தோற்றத்தைத்தான். பாரமான கறுப்புப் பெட்டி, சிவப்பும் கறுப்புமாய் இரண்டு வயர், மேலே மினுங்கும் ஒரு சிவப்பு லைட். ஆமி டிக்கியைத் திறக்கும்போது இது ஒரு தமிழனின் காருக்குள் இருந்தால், குண்டென்றுதானே நினைப்பான்? புதுக்கடை நீதிமன்றத்தில் வழக்காடும் ஒரு சட்டத்தரணி அதைத் தன் டிக்கிக்குள் வைக்கச் சொன்னார். பத்தடி பின்னால் போனார். ஆமிக்காரனைப்போல நடந்து வந்து, திறந்து, எட்டிப் பார்த்தார். பிறகு டிக்கியை மெதுவாக மூடினார். “மிஸ், நானே என்னைப் பிடிச்சுக்கொண்டு போயிருப்பன்.”

கொட்டாஞ்சேனையிலிருந்து இருவர்

அதற்குப் பிறகு நானா மஞ்சளில் ஒரு சின்னப் பெட்டியும் எடுப்பித்தார். பார்க்க விளையாட்டுச் சாமான் போலிருக்கும். பலமும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதற்கும் கறுப்புப் பெட்டிக்கும் நடுவில் மூன்று கிழமை தடுமாறியவர் செபஸ்தியான். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அவர் மனைவி ரோசலின் அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. செவ்வாயும் வெள்ளியும் காலை ஆறு மணிக்குப் பொரளை ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். பிந்தினால் முறை அடுத்தவருக்குப் போய்விடும். ஆட்டோவில் போனால் ஒவ்வொரு சென்ரியிலும் இறங்கி நிற்கச் சொல்வார்கள். அக்காவால் நிற்க முடியாது.

ஒரு முறை கார் கிளம்பாமல் முறை தவறிப்போனது. அடுத்த முறை வரைக்கும் அக்கா வீங்கிப்போய்க் கிடந்தாராம். கறுப்பு வாங்கினால் ஆமி பிடிக்கும், மஞ்சள் வாங்கினால் அந்தப் பழைய கார் கிளம்பாது. செபஸ்தியான் ஒன்றைத் தூக்குவார், வைப்பார், மற்றதைத் தூக்குவார். நான்காம் கிழமை, காருக்குள் இருந்த அக்கா கண்ணாடியை இறக்கித் தீர்ப்புச் சொன்னார். “கறுப்பையே வாங்குங்க. புடிச்சா ஒங்களத்தானே புடிப்பாங்க? என்னைய ஆஸ்பத்திரியில எறக்கி விட்டுட்டுத்தான் போவாங்க.”

செய்து காட்டு

இது என்ன, எதற்கு என்று ஒரு மட்டையில் சிங்களத்தில் எழுதி மூடியில் ஒட்டிக் கொடுத்தேன். என் எழுத்து அழகென்று நினைத்திருந்தேன். முதல் செவ்வாயே ஆமிக்காரன் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, அப்படியானால் செய்து காட்டு என்றானாம். செபஸ்தியான் எஞ்சினை அணைத்து, பானட்டைத் திறந்து, கிளிப்பைக் கொளுவினார். கார் கிளம்பியது. இரண்டு பேர் சிரித்தார்களாம். ஆனால் வெள்ளிக்கிழமை அங்கே வேறு ஆட்கள். திரும்பவும் முதலிலிருந்து. இப்படியே வாரம் இரண்டு காட்சி. காட்சிக்கும் சேர்த்து அரை மணி முன்னதாகவே வீட்டிலிருந்து புறப்பட்டார். முறை தவறவில்லை.

இதைக் கேட்ட ஃபாரூக் நானாவுக்கு வியாபாரியின் மனமே இளகிவிட்டது. காருக்குப் புதுப் பட்டரி போட்டால் இந்தப் பெட்டியே தேவையில்லையே என்று சொல்லிவிட்டார். அக்காவைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப் போகும் அவசரத்தில் ஒவ்வொரு தடவையும் லைட்டை மறந்துவிடும் செபஸ்தியான், கொஞ்சம் வெட்கத்தோடு பெட்டியை வருடினார். “பட்டரி புதுசுதாங்க நானா. நான்தான் பழசு.”

எந்தப் பெட்டி நல்லதென்று இன்றைக்கும் என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ரோசலின் அக்கா இரண்டு வருடம் ஒரு முறையையும் தவறவிடாமல் போய் வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர், எழும்பவில்லை.