நல்லரத்தினம் இழுத்த விசிறி

களுவாஞ்சிக்குடி வயல்வட்டைகளில் நின்றுபோகும் லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரங்களைத் திருத்தியே நல்லரத்தினம் நாற்பது வருடம் சோறு தின்றார். ஆனாலும் அவற்றைப் பற்றி அவர் வாயில் ஒரு நல்ல வார்த்தை வந்ததில்லை. காதலெல்லாம் விமானத்தோடுதான். வாலிபத்தில் ஒரு பருவம் முழுக்க, வாவிக்கரை ஓடுதளத்துக்கு வந்துபோன ஒரு துரையின் சின்ன விமானத்தை, முன்விசிறியைக் கையால் இழுத்து உயிர்ப்பித்தது தானேதான் என்பார்.

ஊரில் அதை நம்பிய ஒரே சீவன் மனைவி கண்ணகை.

"இழுத்தது சரி அண்ணே," என்பார் தேநீர்க்கடைக் கச்சி முகம்மது. "பறந்ததும் நீங்கதான் எண்டு சொல்லுங்களன், தேத்தண்ணிக்கா காசு கூட்டப்போறன்?"

போன மாசியில் கொழும்புக் கனவான் ஒருவர் அதே மாதிரிப் பழைய விமானமொன்றை அந்த ஓடுதளத்துக்குக் காட்சிக்காகக் கொண்டுவந்தார். விசிறி சுழற்ற வந்தவன் வாவி நண்டை அளவுமீறித் தின்று விடுதியில் சுருண்டுவிட்டான். நல்லரத்தினம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னே போனார்.

"ஐயாவுக்குப் பழக்கமா?" என்றார் கனவான்.

"நீங்க பிறக்க முதலே பழகினது."

"வீடியோ எடுங்கடா!" என்றார் கச்சி முகம்மது.

"கொன்டாக்ட்!" என்று, விமானியைச் சுவிட்சைப் போடச் சொல்லி நல்லரத்தினம் கத்தினார். ஒரே இழுப்பு. எஞ்சின் பிடித்துக்கொண்டது. கூட்டம் வாய் பிளந்தது.

விசிறியை இழுத்தவன் அந்த வேகத்திலேயே பின்னால் போய்விட வேண்டும். லேண்ட்மாஸ்டரில் நேர்மாறு: ஹாண்டிலைச் செருகிச் சுழற்றி, எஞ்சின் பிடித்ததும் முன்னால் குனிந்து அதைக் கழற்றியெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அது பறந்து வந்து பல்லை உடைக்கும். நாற்பது வருடப் பழக்கம் நல்லரத்தினத்தைக் குனிய வைத்தது. இல்லாத ஹாண்டிலைக் கழற்ற வலக்கையை நீட்டினார். மூன்று விரல்கள் ஓடுதளத்துப் புல்லில் கிடந்தன.

இனியாவது ஊர் நம்புமென்று ஆஸ்பத்திரியில் அவர் ஆறுதலடைந்தாராம். ஊரோ வேறு கணக்குப் போட்டது.

"மெய்யா ஒரு பருவம் இழுத்திருந்தா, இவ்வளவு காலம் பத்து விரலும் இருந்திருக்குமா?" என்றார் கச்சி முகம்மது.

"ஒரே இழுப்பில பிடிச்சதே!" என்று நல்லரத்தினம் கட்டுப்போட்ட கையை ஆட்டினார். அதை ஒருவரும் இல்லையென்று சொல்லவில்லை. அதிர்ஷ்டம் என்றார்கள்.

வீட்டில் கண்ணகை சோற்றைக் குழைத்து ஊட்டிக்கொண்டிருந்தார்.

"இஞ்ச பாருங்க, கோவிக்காம உள்ளதச் சொல்லுங்க. அந்தக் காலத்தில நீங்க இழுத்தது மெய்தானா?"

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். கண்ணகை அடுத்த கவளத்தை வைத்தார்.